முகிலனும் உடன் பறந்த மூவரும்

(மும்பை அணுசக்தி நகரில் தமிழ் அன்பர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1999 மே 28, வெள்ளிக்கிழமை. கார்கில் போரில் இந்திய விமானப்படை இறங்கிய மூன்றாவது நாள். திராஸ் ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் தோலோலிங் மலையை நோக்கி எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் அணியாகச் சென்றன. அணிக்கு இட்ட பெயர் ‘நூப்ரா’. அவற்றில் ஒன்றில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், ஃப்ளைட் லெப்டினன்ட் சுப்பிரமணியம் முகிலன், சார்ஜன்ட் பி. வி. என். ஆர். பிரசாத், சார்ஜன்ட் ஆர். கே. சாஹு. உத்தரப் பிரதேசத்தின் சர்சாவா தளத்தில் இருக்கும் 152ஆவது ஹெலிகாப்டர் பிரிவைச் சேர்ந்தவர்கள். எதிரியின் நிலைகள் மீது ராக்கெட்டுகளை ஏவிவிட்டு விலகும்போது ஸ்டிங்கர் ஏவுகணை ஒன்று அவர்களுடைய ஹெலிகாப்டரைத் தாக்கியது. நால்வரும் அங்கேயே மாண்டார்கள். அவர்களுக்கு வீரத்துக்கான வாயுசேனா பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அரசின் ஏடுகளில் முகிலனைப் பற்றிய செய்தி ஏறத்தாழ இவ்வளவுதான். நாலைந்து வாக்கியங்கள். அவருடைய இளமை, வீடு, பெற்றோர் பட்ட துயரம் ஆகியவை அந்தக் குடும்பத்துக்கு உரியவை. பொதுமேடையில் பிரித்துக் காட்ட வேண்டியவை அல்ல. ஆனால் அந்த நாளில் அவர் செய்த வேலை நாட்டுக்கு உரியது. ‘வீரமரணம்’ என்று ஒரே சொல்லில் சொல்லி மாலை போட்டுவிட்டால், அந்த வேலை என்னவென்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். எப்படிப்பட்ட காற்றில், எப்படிப்பட்ட எந்திரத்தில், எந்தக் கட்டளைகளுக்குள் நின்று அந்த நால்வரும் பறந்தார்கள்? இந்த உரை அதைப் பற்றியது.

அணுசக்தி நகரில் கார்கிலைப் பற்றிப் பேசும்போது ஓராண்டு பின்னால் போகாமல் முடியாது. 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அப்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தவர் ஆர். சிதம்பரம். இந்த நகரை ஒட்டிய டிராம்பே மலையடிவாரத்து ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகள் நடந்த உழைப்பு அந்தப் பாலைவனத்தில் வெளிப்பட்டது. அதே மாத இறுதியில் பாகிஸ்தானும் சாகாயில் சோதனை நடத்தியது. அடுத்த மே மாதம் வந்தபோது இரு நாடுகளும் கார்கில் மலைகளில் மோதிக்கொண்டிருந்தன. வெளிப்படையாக அணு ஆயுதம் ஏந்திய இரண்டு நாடுகள் நிலத்தில் நேருக்கு நேர் போரிட்டது உலக வரலாற்றில் மிக அரிது. 1969இல் சோவியத் நாடும் சீனாவும் உசுரி ஆற்றங்கரையில் மோதியதை மட்டுமே அதற்கு முன்னுதாரணமாகச் சொல்வார்கள்.

இதனால் விமானிகளுக்கு நேர்ந்தது என்ன? காஷ்மீரில் இரு நாடுகளையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டை எந்த விமானமும் தாண்டக் கூடாது என்று அரசு கண்டிப்பாக உத்தரவிட்டது. போர் பெரிதாகிவிடக் கூடாது, உலக நாடுகளின் ஆதரவு கைநழுவக் கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அந்த முடிவு சரியானது என்பதை வரலாறு காட்டிவிட்டது. ஆனால் அதற்கான விலையை விமானிகள் கொடுத்தார்கள். மலைச்சரிவில் பதுங்கியிருப்பவனைத் தாக்க எந்தத் திசையிலிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்ற உரிமை அவர்களுக்கு இல்லை. வரக்கூடிய திசைகள் குறைந்தால், கீழே காத்திருப்பவனுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஏவுகணைகள் அங்கே இருக்கின்றன என்பதும் முன்பே தெரிந்திருந்தது. மே 21ஆம் தேதி ஸ்குவாட்ரன் லீடர் ஏ. பெருமாள் ஓட்டிச் சென்ற கான்பெரா உளவு விமானம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தோளிலிருந்து ஏவும் ஏவுகணை ஒன்று அதன் எஞ்சினைத் தாக்கியது. மற்ற எஞ்சினை மட்டும் நம்பி அவர் ஸ்ரீநகரில் பத்திரமாக இறங்கினார். கார்கில் போரின் வான்வழி வரலாறு இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறது. பெருமாளின் பெயரைத் தமிழர்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

மே 26 காலையில் விமானப்படையின் ‘சஃபேத் சாகர்’ நடவடிக்கை தொடங்கியது. மறுநாள் ஃப்ளைட் லெப்டினன்ட் நச்சிகேதாவின் மிக்-27 விமானத்தில் எஞ்சின் அணைந்துபோய், அவர் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டார். அவர் எங்கே விழுந்தார் என்று தேடித் தாழப் பறந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹூஜாவின் மிக்-21 சுட்டு வீழ்த்தப்பட்டது, அஹூஜா உயிரிழந்தார். வேகமாகப் பறக்கும் போர்விமானங்களுக்கே இந்த நிலை. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத எம்ஐ-17 மறுநாள் அதே வானத்துக்குள் போனது.

அந்த ஹெலிகாப்டரை ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. மலைமுகட்டில் இருந்த எதிரிகள் கீழிருந்து ஏறி வருபவர்களைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 18ஆவது கிரெனடியர்ஸ் படையினர் தோலோலிங் சரிவில் மறைப்பில்லாத பாறைகளுக்கிடையே சிக்கியிருந்தார்கள். தரைப்படை தொடக்கத்தில் கேட்டதே ஹெலிகாப்டர்களைத்தான். போருக்கென்றே செய்யப்பட்ட எம்ஐ-25, எம்ஐ-35 ரக ஹெலிகாப்டர்கள் விமானப்படையிடம் இருந்தன. ஆனால் அந்த உயரத்தில் அவற்றால் வேலை செய்ய முடியாது. மிஞ்சியது ஆளையும் அரிசியையும் ஏற்றிச் செல்லும் எம்ஐ-17. அதன் இருபுறமும் ராக்கெட் குழல்களை மாட்டினார்கள்.

தோலோலிங் உச்சியின் உயரம் 4,590 மீட்டர். அதற்கு வடக்கே உள்ள சிகரம் 5,140 மீட்டர். அந்த எண்ணே அதன் பெயர். அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். ஹெலிகாப்டரைத் தூக்கி நிறுத்துவது சுழலும் இறக்கைகள் கீழே தள்ளும் காற்று. காற்று மெலிந்தால் தூக்கும் வலு குறைகிறது. எஞ்சினுக்கும் அதே பற்றாக்குறை. சமவெளியில் சுலபமாகச் செய்யும் ஒரு திருப்பத்தை அங்கே செய்யப் போனால் உயரம் இழக்க வேண்டியிருக்கும். பள்ளத்தாக்குகளில் காற்று சுழன்று அடிக்கும். உச்சியைத் தாண்டியதும் கீழே இழுக்கும். மனிதனுக்கும் மூச்சு போதாது. இத்தனைக்கும் நடுவில் எரிபொருள், ராக்கெட், நான்கு ஆட்கள் என்று ஒவ்வொரு கிலோவையும் கணக்குப் பார்த்துத்தான் ஏற்ற முடியும்.

அவர்கள் எடுத்துச் சென்றவை 57 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள். தானாக இலக்கைத் தேடிப் போகும் அறிவு அவற்றுக்குக் கிடையாது. ஹெலிகாப்டரின் மூக்கு எங்கே நீள்கிறதோ அங்கேதான் அவை போகும். ஆகவே விமானி தன் மொத்த வாகனத்தையும் எதிரியை நோக்கித் திருப்பி, நேர்க்கோட்டில், சில வினாடிகள் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். சமவெளிக்கு அளவிட்ட குறிகாட்டிகள் மெலிந்த காற்றில் பிசகும் என்பதால் இன்னும் நெருங்க வேண்டும். ஒருவர் ஹெலிகாப்டரைச் செலுத்தி இலக்கில் கண் வைத்திருக்கையில், பக்கத்து இருக்கை விமானியின் கண்கள் எஞ்சின் வெப்பம், இறக்கைகளின் சுற்றுவேகம், உயரம், அணியின் மற்ற ஹெலிகாப்டர்கள் என்று ஓடிக்கொண்டிருக்கும். ரேடியோவும் அவர் பொறுப்பு. பின்னால் பறப்புப் பொறியாளரும் துப்பாக்கியாளரும் எந்திரத்தையும் பக்கவாட்டு வானத்தையும் கவனிப்பார்கள். எம்ஐ-17 ஒருவர் சாகசம் செய்யும் வாகனம் அல்ல. நாலு பேரும் சேர்ந்து ஓர் ஆளாக வேலை செய்தால்தான் அது பறக்கும்.

ராக்கெட்டுகளை ஏவி முடித்ததும் திரும்ப வேண்டும். உயிருக்கு ஆபத்து மிகுந்த கணம் அதுதான். திரும்புகையில் எஞ்சினின் சூடான புகைவாய் எதிரிக்குத் தெரியும்படி வருகிறது.

ஸ்டிங்கர் தேடுவது அந்தச் சூட்டை. அமெரிக்கத் தயாரிப்பு, எடை சுமார் 15 கிலோ, ஓர் ஆள் தோளில் வைத்து ஏவலாம். 1986 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத் அருகே முஜாஹிதீன்கள் முதன்முறையாக இதைக் கொண்டு சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்தினார்கள். அந்த ஆயுதம் ஆப்கானியர் கைக்குப் போனது பாகிஸ்தான் வழியாகத்தான். சாதாரணமாக ஏவுகணை கீழிருந்து மேலே ஏறுவதால் ஹெலிகாப்டர் உயரத்தில் இருந்தால் தப்பலாம். தோலோலிங்கில் ஏவியவன் மலையுச்சியில் இருந்தான். ஹெலிகாப்டர் அவன் கண்மட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

இந்த ஏவுகணையை ஏமாற்ற ஒரு வழி உண்டு. எஞ்சினைவிடச் சூடாக எரியும் மக்னீசியக் கலவைத் துண்டுகளை வானில் வீசினால் ஏவுகணை அதன் பின்னால் போய்விடும். ‘ஃப்ளேர்’ என்பார்கள். ஆப்கானிஸ்தானில் அடிவாங்கிய பிறகு சோவியத் படையினர் தம் ஹெலிகாப்டர்களில் இவற்றை வீசும் கருவிகளைப் பரவலாகப் பொருத்தினார்கள். நூப்ரா அணியில் வீழ்ந்த ஹெலிகாப்டரில் அந்தக் கருவி இல்லை என்று கார்கில் வான்போரை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த ஒரு செய்தியைக் கேட்டதும் நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். தம் வாகனத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஒரு ஹெலிகாப்டர் குழுவுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. புறப்படும் முன் ஒவ்வொரு கருவியையும் சரிபார்ப்பது அவர்களுடைய அன்றாட ஒழுங்கு. முந்தைய நாள் அஹூஜா வீழ்ந்த செய்தியும் படை முழுவதற்கும் தெரிந்த ஒன்று. அப்படியும் ஏறி உட்கார்ந்தார்கள். கீழே பாறைகளுக்கிடையில் கிடந்த காலாட்படையினருக்கு வேறு உதவி உடனே வராது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த முடிவின் கனம் புரியாமல் அவர்களை ‘அஞ்சா நெஞ்சர்’ என்று புகழ்வதில் பொருளில்லை. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதைக் கணக்கிட்டுப் பார்க்கும் பயிற்சியும் அவர்களுக்கு இருந்தது. கணக்கு முடிந்த பிறகுதான் புறப்பட்டார்கள்.

அன்றோடு ஆயுதம் தாங்கிய எம்ஐ-17 ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. போர்விமானங்கள் ஸ்டிங்கர் எட்டாத உயரத்துக்கு ஏறித் தாக்கத் தொடங்கின. மிராஜ்-2000 விமானங்கள் களத்துக்கு வந்தன. ஜூன் 17இல் முந்தோ தாலோவில் எதிரியின் பண்டகசாலை முகாம் அழிந்தது. ஜூன் 24இல் டைகர் ஹில் மீது லேசர் வழிகாட்டும் குண்டுகள் விழுந்தன. வான்போர் முறையே மூன்று நாள்களில் மாறியது என்றால் அதற்குக் காரணமான பாடம் எங்கே எழுதப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். சண்டையில் இறந்த இந்திய விமானப்படையினர் ஐந்து பேர். அவர்களில் நால்வர் அந்த ஒரே ஹெலிகாப்டரில் இருந்தவர்கள்.

தோலோலிங் ஜூன் 13ஆம் தேதி 2ஆவது ராஜபுதனா ரைஃபிள்ஸ் படையின் கைக்கு வந்தது. அதற்குள் கிரெனடியர்ஸ் படையின் மேஜர் ராஜேஷ் அதிகாரி, லெப்டினன்ட் கர்னல் ஆர். விஸ்வநாதன் உள்ளிட்ட பலர் அந்தச் சரிவில் உயிரிழந்திருந்தார்கள். ஜூலை 26இல் போர் முடிந்தபோது இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர்.

ஹெலிகாப்டர்கள் தாக்குதலை நிறுத்தினவே தவிர வேலையை நிறுத்தவில்லை. காயம்பட்டவர்களை இறக்குவதும் உணவும் வெடிமருந்தும் ஏற்றுவதுமாக அந்தப் போரில் அவை 2,000 தடவைக்கு மேல் பறந்தன. எந்தத் தொலைக்காட்சியும் அவற்றைப் பெரிதாகக் காட்டவில்லை. சிகரத்தில் கொடி நட்ட வீரனின் படம் நாட்டின் நினைவில் பதிந்தது. வேகமும் அழகும் கொண்ட போர்விமானம் சுவரொட்டிகளில் ஏறியது. நடுவில் சத்தமிட்டபடி போய்வரும் எம்ஐ-17 யாருடைய கனவிலும் இடம்பெறவில்லை. இளைஞர்கள் விமானப்படை நேர்காணலுக்குப் போனால்கூட முதல் ஆசை ‘ஃபைட்டர்’ மேல்தான்.

மும்பைக்காரர்கள் அந்த எந்திரத்தைக் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். பயங்கரவாதத் தாக்குதல் நடந்துகொண்டிருந்த 2008 நவம்பர் 28 காலையில் கொலாபாவின் நரிமன் ஹவுஸ் மொட்டைமாடியின் மேல் தாழ்ந்து நின்று, கயிறு வழியாக என்.எஸ்.ஜி. கமாண்டோக்களை இறக்கியது விமானப்படையின் எம்ஐ-17தான். கீழே துப்பாக்கி ஏந்தியவர்கள் இருக்க, நெரிசலான கட்டடங்களுக்கு நடுவே அசையாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்று நேரலையில் பார்த்தவர்கள் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? இறங்கிய வீரர்களின் பெயர்கள் நினைவில் நின்றன. ஓட்டியவர் யார் என்று கேட்ட குரல் குறைவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் இருக்கிறார். முகிலன் மறைந்த மறுநாள், மே 29 அன்று, பட்டாலிக் பகுதியின் ஜுபார் முகட்டில் பீகார் ரெஜிமென்ட்டின் மேஜர் மாரியப்பன் சரவணன் வீழ்ந்தார். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா பெற்ற அவருக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் பெயரில் சாலை இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். அது நியாயமான பெருமை. இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் இறந்த இரண்டு தமிழ் அதிகாரிகளில் ஒருவர் பெயர் தமிழ்நாட்டுப் பள்ளிப்பிள்ளைகளுக்குத் தெரிகிறது. மற்றவர் பெயரைச் சொன்னால் பெரியவர்களே ‘யார்?’ என்கிறார்கள்.

சர்சாவா மறக்கவில்லை. கார்கில் வெற்றியின் 25ஆம் ஆண்டை விமானப்படை 2024 ஜூலையில் கொண்டாடியபோது, விழாவுக்குத் தேர்ந்தெடுத்த இடம் அந்தத் தளம். நால்வரின் பெயரும் அங்கே சொல்லப்பட்டது. டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் கருங்கல்லிலும் அவர்கள் பெயர்கள் உள்ளன.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச்சுவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1982இல் எழுந்த அந்தச் சுவரை வடிவமைத்தவர் மாயா லின் என்ற இளம் மாணவி. 58,000க்கு மேற்பட்ட பெயர்களை அகரவரிசையில் பொறிக்கலாம் என்று சிலர் சொன்னபோது அவர் மறுத்தார். இறந்த நாளின் வரிசையில்தான் வர வேண்டும் என்று நின்றார். அதன் பலனை ஹெலிகாப்டர் குடும்பங்கள்தான் முதலில் உணர்ந்திருப்பார்கள். வியட்நாமில் அமெரிக்கா பறக்கவிட்ட ஹெலிகாப்டர்கள் ஏறத்தாழ 12,000. அவற்றில் 5,000க்கு மேல் அழிந்தன. ஒரே ஹெலிகாப்டரில் ஒரே நாளில் இறந்த விமானியும் துணைவிமானியும் துப்பாக்கியாளரும் அந்தச் சுவரில் அந்த நாளின் பெயர்களுக்குள் சேர்ந்தே இருக்கிறார்கள். அகரவரிசையில் போட்டிருந்தால் சிதறியிருப்பார்கள்.

முகிலனை நினைக்கும் தமிழர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய முறை அது. தமிழ்ப் பெயர் என்பதால் அவரை மட்டும் பிரித்தெடுத்துக் கொண்டாடினால் அவர் வாழ்ந்த ஒழுங்குக்கே மாறாகிவிடும். புண்டிர், முகிலன், பிரசாத், சாஹு என்று நான்கு பெயர்களும் ஒரே மூச்சில் வர வேண்டும். இரண்டு சார்ஜன்ட்களின் பெயரை விட்டுவிட்டு அதிகாரிகளை மட்டும் சொல்வதும் நடக்கிறது. அதுவும் தவறு. தரைப்படையோ விமானப்படையோ, பதக்கம் பெற்ற அதிகாரியின் படம் சுவருக்குப் போகிறது. சார்ஜன்ட்டின் படம் அவர் வீட்டுக் கூடத்தோடு நின்றுவிடுகிறது.

போருக்குப் பிறகு அரசு அமைத்த கார்கில் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். உளவுத் தகவல்கள் எங்கே தவறின, யாருக்கு எது போய்ச் சேரவில்லை என்று அந்தக் குழு அலசியது. அறிக்கையின் பெரும்பகுதி பொதுமக்கள் படிக்கும்படி நூலாகவே வந்தது. ஒரு நாடு தன் தவறுகளை அச்சிட்டு வெளியிட்டது அரிய செயல். ஃப்ளேர் கருவி போன்ற சின்னச் சின்ன இல்லாமைகளையும் அந்த மனத்தோடுதான் பேச வேண்டும். பழி சுமத்த அல்ல. அடுத்த குழு ஏறும்போது அந்தக் கருவி இருக்க வேண்டும் என்பதற்காக.

லடாக் சுற்றுலாவுக்கு இப்போது மும்பையிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். விமானத்தில் நேரே லேயில் இறங்காமல் ஸ்ரீநகரிலிருந்து சோனமார்க், ஜோஜிலா வழியாகத் தரைவழியில் போனால் திராஸ் வரும். அங்கே நெடுஞ்சாலையை ஒட்டிக் கார்கில் போர் நினைவிடம் இருக்கிறது. அது அமைந்திருப்பதே தோலோலிங் அடிவாரத்தில். நினைவிடத்துக்கு மேலே தெரியும் முகட்டைக் காட்டி, காலாட்படை ஏறிய பாதையை அங்குள்ள வீரர்கள் விளக்குவார்கள். தமிழில் கேட்டால் பதில் சொல்லவும் சில சமயம் ஒரு மதராஸ் ரெஜிமென்ட் வீரர் கிடைத்துவிடுவார். ஹெலிகாப்டர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்றும் அவர்களிடம் கேளுங்கள்.

இந்த நகரத்துப் பள்ளிகளில் மே 28 கோடை விடுமுறையில் விழும். ஜூலை 26, கார்கில் வெற்றி நாள், பள்ளி நடக்கும் காலத்தில் வரும். அன்று இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மெலிந்த காற்றில் ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்று ஒரு வகுப்பு எடுக்கலாம். அகச்சிவப்புக் கதிரைத் தேடும் ஏவுகணையை ஃப்ளேர் எப்படி ஏமாற்றுகிறது என்று விளக்கலாம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெற்றோர்களின் பிள்ளைகள் இதைக் கேட்டால் பிடித்துக்கொள்வார்கள். மேடைப்பேச்சைவிட நன்றாகவே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 1999இல் ஹெலிகாப்டர் பிரிவுகளில் பணியாற்றிய தமிழர்கள், அதிகாரிகளும் தரைப்பணித் தொழில்நுட்பர்களும், இப்போது ஓய்வுபெற்று தாம்பரம், ஆவடி, கோவை, செம்பூர் என்று பல இடங்களில் இருப்பார்கள். போரைப் பற்றி ஆங்கிலத்தில் தளபதிகள் எழுதியிருக்கிறார்கள். எந்திரத்துக்கு எண்ணெய் விட்டவர்களின் சொல் தமிழில் அச்சாகவில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியவை பல. அந்த வாரம் சரக்கு ஹெலிகாப்டரில் ராக்கெட் குழல்களை மாட்ட எவ்வளவு நேரம் பிடித்தது? எடையைக் குறைக்க எதைக் கழற்றி வைத்தார்கள்? குளிரில் எஞ்சின் கிளம்ப மறுத்தபோது என்ன செய்தார்கள்? நூப்ரா அணியின் மற்ற ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கியபோது ஓடுதளத்தில் நின்றிருந்தவர்கள் யார் யார்?